முப்பதில் வரவும்

சாந்தா ரூஃபினா
14 மார்ச் 1994

அன்பு மகன் ஃபெர்மினுக்கு,

உன் தாய் எழுதுவது. நான் நலம், என் முட்டி மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்கிறது. நீயும் இங்கிரித்தும் குழந்தை ஹவியேராவும் நலமாயிருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் கேட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நீ படித்த அதே பள்ளிக்கூடம்தான், நம் ஜன்னலுக்கு நேர் எதிரே, நடுவில் சாலை. நீ படிக்கும்போது அந்தச் சாலையில் மாட்டுவண்டி போகும், பாதிரியாரின் சைக்கிள் போகும். இப்போது உங்கள் கம்பெனி லாரிகள் போகின்றன. ரயிலை நிறுத்திய பிறகு மலையில் வெட்டுகிற பைன் மரமெல்லாம் இந்த வழியாகத்தான் துறைமுகத்துக்கு இறங்குகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டுமென்று சொல்லி அனுப்பும் நாற்காலியில் இருப்பவன் நீ.

பள்ளிக்கு முன்னால் முப்பது என்று எழுதிய பலகை ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? கோடை விடுமுறையில் ஒரு லாரியின் வால் இடித்து அது விழுந்தது. இடித்தவன் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. பலகை இப்போது புருனில்தா கடையின் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடாத உயிர்கள் இந்த ஊரில் அந்தக் கோழிகள் மட்டும்தான்.

லாரி போனால் என் அலமாரியில் கிண்ணங்கள் நடுங்குகின்றன. கிண்ணங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலைவிட்டு ஓடி வருவதைப் பார்க்கிறேன். பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். நிற்க வேண்டியது லாரி.

உன் ஓட்டுநர்களிடம் ஒரு வார்த்தை சொல். இது கெஞ்சல் அல்ல. பிளம்ஸ் ஜாம் இரண்டு புட்டி பஸ்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலிப் புட்டிகள் எனக்குத் திரும்ப வேண்டும், மூடியோடு.

ஆசிகளுடன்,
உன் தாய் லியோந்தினா

*

தல்காவானோ
2 ஏப்ரல் 1994

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் முட்டி எப்படியிருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். ஜாமில் ஒரு புட்டியை ஹவியேரா தனியாகவே முடித்துவிட்டாள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அவளைப் பாடற்குழுவில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் குரல்தான் அவளுக்கு வந்திருக்கிறது என்று இங்கிரித் சொல்கிறாள். உயரமும் உங்களுடையதுதான்.

துறைமுகத்தில் வேலை அதிகம். ஜப்பானுக்குப் போகும் கப்பல் காத்திருக்காது, நாங்கள்தான் அதற்காகக் காத்திருக்க வேண்டும். இந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு இருக்கலாம்.

சாலை விஷயம் நகராட்சியைச் சேர்ந்தது, அம்மா. அவர்களுக்கு ஒரு மனு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எழுந்து நிற்பார்கள்.

குளிருக்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கைகளை முத்தமிடும்,
ஃபெர்மின்

*

சாந்தா ரூஃபினா
20 ஏப்ரல் 1994

அன்பு ஃபெர்மினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி இருக்குமிடத்தில் இருக்கிறது. புகைபோக்கியைச் சுத்தம் செய்தாயிற்று.

நீ சொன்னபடி நகராட்சிக்குப் போனேன். போக்குவரத்துப் பிரிவில் இருப்பவர் யார் தெரியுமா? தொன் எலியசெர். மூக்கு ஒழுகிக்கொண்டு ஸ்டேஷனில் சுற்றும் அவனை உன் அப்பா எத்தனை முறை டிக்கெட் இல்லாமல் ஏற்றிவிட்டிருக்கிறார். இப்போது கழுத்துப்பட்டை கட்டியிருக்கிறார்.

"தோன்யா லியோந்தினா! உக்காருங்க, உக்காருங்க. காபி சொல்லட்டுமா?"

"காபி குடிக்க வரலை, எலியசெர். பள்ளிக்கூடத்து முன்னாடி குறுக்கே ஒரு காளை முதுகு போடு. அந்தத் திட்டு இருந்தா எந்த லாரியும் பாய்ஞ்சு போக முடியாது."

"போடலாங்க. ஆனா அது மாகாணத்து ரோடு. அங்க கேக்கணும். அவங்க மொத கேள்வியே, அந்த இடத்துல எத்தனை பேர் செத்தாங்கன்னுதான்."

"யாரும் சாகலை. சாகக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

"அதாங்க சிக்கலே!" என்றார். எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார் போலிருந்தது. "ஒரு சாவு பதிவாகியிருந்தா நானே கையெழுத்து வாங்கிக் குடுத்திருப்பேன். இப்ப நான் எதை வச்சுக் கேக்கிறது?"

ஃபெர்மின், எனக்கு வயது எழுபத்தி நான்கு. இத்தனை வருடத்தில் சாவுச் சான்றிதழைக் கேட்டு உயிரைக் காப்பாற்றுகிற அலுவலகத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பிணம் ஒன்று கொண்டு வா, வேகத்தைக் குறைத்துத் தருகிறோம் என்கிறார்கள். எந்தப் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானிக்கட்டுமா? எழுந்து வந்துவிட்டேன். காபியும் குடிக்கவில்லை.

புருனில்தா கடையில் உங்கள் ஓட்டுநர் ஒருவர் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார். வயதானவர், எஃப்ராயின் என்று பெயர். ஏன் இப்படிப் பறக்கிறீர்கள் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொன்னார். அவருக்கு வளர்ப்பு இருக்கிறது.

"முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு நடைங்க, சென்யோரா. இப்ப மூணாவது நடை வச்சிருக்காங்க. மெதுவா போனா ரெண்டுதான் முடியும். மூணு முடிக்கலைன்னா அடுத்த மாசம் வண்டி வேற ஆளுக்கு."

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், ஒரு வரியில் பதில் எழுதினால் போதும். அந்த மூன்றாவது நடையை வைத்தது யார்?

ஆசிகளுடன்,
உன் தாய்

*

தல்காவானோ
30 மே 1994

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே மழை விடவே இல்லை. ஹவியேராவுக்குச் சளி பிடித்துக் குணமாகிவிட்டது. உங்களுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று அனுப்புகிறேன், இங்கிரித் தேர்ந்தெடுத்தது. சாம்பல் நிறம், கறுப்பு இனி வேண்டாம் என்கிறாள், அப்பா போய் ஒன்பது வருடமாகிவிட்டதே என்று.

பதவி உயர்வு கிடைத்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பாடற்குழு உடையில் ஹவியேராவைப் பள்ளி வாசலில் நிறுத்தி எடுத்த படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். மழை நாட்களில் பூசணி சேர்த்த சோப்பாய்ப்பியா சுடுகிறீர்களா? அந்த வாசனை இங்கே எந்தக் கடையிலும் வருவதில்லை.

கைகளை முத்தமிடும்,
ஃபெர்மின்

*

சாந்தா ரூஃபினா
8 ஜூன் 1994

அன்பு ஃபெர்மினுக்கு,

சால்வை நல்ல நெசவு. இங்கிரித்துக்கு நன்றி சொல். கறுப்பை நான் விடப்போவதில்லை என்றும் சொல்.

படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். குழந்தை அழகாக நிற்கிறாள், காலுறை மட்டும் ஒன்று இறங்கியிருக்கிறது. அவள் பின்னால் சாலையில் மஞ்சள் கோடு போட்ட காளை முதுகு ஒன்று தெரிகிறது. சற்றுத் தள்ளி இன்னொன்றும் தெரிகிறது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் செத்த பிறகு அவற்றைப் போட்டார்கள்? விசாரித்து எழுது. தொன் எலியசெரிடம் சொல்ல வேண்டும்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று ஊரார் சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் சிவப்புக் கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டேன். காலையில் பள்ளி கூடும்போதும் பிற்பகல் விடும்போதும் சாலை நடுவில் நிற்கிறேன். அந்தக் கொடியைப் பார்த்தால் நூறு டன் ரயில் நிற்கும். உங்கள் லாரிகளில் பாதி நிற்கிறது. மீதிப் பாதி என்னைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒருவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்:

"ஏ கிழவி, ரயிலு அடுத்த பிறவியிலதான் வரும்! வீட்டுக்குப் போய்க் கம்பளி பின்னு!"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் பேசுகிற பேச்சா இது? அவன் லாரிக் கதவில் பைன் மரப் படம், உங்கள் கம்பெனிச் சின்னம், அழகாக வரைந்திருந்தது.

போலீஸ் சார்ஜெண்டும் வந்தார். "சென்யோரா, இந்தக் கொடி ரயிலுக்குத்தான் செல்லும், லாரிக்குச் செல்லாது. உங்களுக்கு அதிகாரம் கிடையாது" என்றார். "அதிகாரம் உங்ககிட்ட இருக்கில்ல, தம்பி? இந்தாங்க கொடி. நீங்க நில்லுங்க" என்று நீட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. போய்விட்டார்.

மனுவில் ஊர் முழுக்கக் கையெழுத்திட்டிருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் விரல் வைத்திருக்கிறார்கள். ஆசிரியை மிர்த்தாவும் நானும் மாகாண அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டோம்.

என் கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. சோப்பாய்ப்பியா சுடுகிறேன்.

உன் தாய்

*

சாந்தா ரூஃபினா
11 ஜூலை 1994

ஃபெர்மின்,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை யாஸ்னாவை லாரி இடித்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரரின் இளைய மகள், இரண்டாம் வகுப்பு. நான் கொடியோடு இந்தப் பக்கம் நின்றேன். முதல் லாரி நின்றது. பின்னால் வந்தது நிற்கவில்லை, முன்னதைத் தாண்டிக்கொண்டு வந்தது. முழு லாரி அல்ல, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரத்தின் நுனி. குழந்தை சாக்கடை வரை போய் விழுந்தாள். ஒரு செருப்பு சாலையின் நடுவிலேயே இருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை. தோள் எலும்பு முறிந்திருக்கிறது. மருத்துவமனைக்கு அவளை என் சால்வையில், நீங்கள் அனுப்பிய அந்தச் சாம்பல் சால்வையில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள்.

போலீஸ் அறிக்கையில் "மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் நேரில் போய், கண்ணால் பார்த்த சாட்சி சொல்கிறேன் என்றேன். "உங்க கண்ணுக்கு வயசாயிடுச்சுங்க, சென்யோரா. வண்டி நம்பர் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் சார்ஜெண்ட். நம்பரை நான் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவிலிருந்த பைன் மரச் சின்னத்தை மட்டும் பார்த்தேன்.

தொன் எலியசெர் மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். வராந்தாவில் என்னைத் தனியே அழைத்து, "காயம் கணக்குல வராதுங்க. சாவு மட்டுந்தான் வரும்" என்று மெல்லச் சொன்னார். அந்தப் பழங்களை அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். யாஸ்னாவின் அம்மா என்னைப் பார்த்தாள். என் மகன் எங்கே வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது என் முட்டியை விசாரிக்க வேண்டாம்.

உன் தாய்

*

தல்காவானோ
5 ஆகஸ்ட் 1994

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

குழந்தை விஷயம் கேட்டு மிகவும் வருந்தினோம். ஒரு பொம்மையும் சாக்லேட் பெட்டியும் இங்கிரித் அனுப்பியிருக்கிறாள், அந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள்.

அம்மா, தயவுசெய்து சாலையில் நிற்காதீர்கள். ஓட்டுநர்கள் உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், என் காதிலும் விழுகிறது. எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீங்கள் எங்களோடு வந்து இருக்கலாம். தோட்டத்தைப் பார்த்த அறை காலியாக இருக்கிறது.

சில விஷயங்கள் மேலிடத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாவற்றையும் மாற்ற முடியும் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெர்மின்

*

சாந்தா ரூஃபினா
22 ஆகஸ்ட் 1994

ஃபெர்மின்,

பொம்மையைச் சேர்த்துவிட்டேன். சாக்லேட்டையும். யாஸ்னா இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

நான் அங்கே வரமாட்டேன். என் ஜன்னலுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

சென்ற வாரம் கல்லறைக்குப் போய் வரும்போது மலை வளைவில் பஸ்ஸுக்காக நின்றேன். அங்கே அந்த ஒற்றைக்கை சோத்தோவின் அனிமித்தா இருக்கிறதே, அவன் குடித்துவிட்டு லாரிக்கடியில் போன இடம். அவன் ஆவிக்கென்று வைத்த தகர வீட்டில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. "கேட்டதைக் கொடுத்ததற்கு நன்றி" என்று பலகைகள் வேறு. இதையெல்லாம் நான் என்றைக்கும் மதித்ததில்லை. மனிதன் செத்தால் ஆன்மா போகக்கூடிய இடங்கள் மூன்று என்று மதர் க்ளோதில்த் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சாலையோரம் அவற்றில் ஒன்றல்ல.

ஆனால் பார்த்தேன், ஃபெர்மின். பார்த்து உடம்பெல்லாம் எரிந்தது. உங்கள் லாரிகள் ஒவ்வொன்றும் அங்கே வேகத்தைக் குறைத்தது. ஒவ்வொரு ஓட்டுநரும் மெதுவாக ஹார்ன் அடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனான். என்னைக் கம்பளி பின்னச் சொன்னவனும்கூட. உயிரோடிருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குறைக்காத வேகத்தை, செத்துப்போன ஒரு குடிகாரனுக்குக் குறைக்கிறார்கள். மாகாண அலுவலகத்தின் சட்டமும் அதுதான், ஓட்டுநர்களின் சட்டமும் அதுதான். இந்த நாட்டில் மரியாதை வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும்.

தகர வேலை செய்யும் தொன் செகுந்தோவிடம் ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறேன். கூரை கோணலாக இருந்ததால் திருப்பி அனுப்பினேன். சரி செய்து தருவார். வருகிற திங்கள் முதல் நான் சாலையில் நிற்கப்போவதில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே. நிம்மதியாகத் தூங்கு.

ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் வரும்வரை இனி என்னிடமிருந்து கடிதம் வராது.

லியோந்தினா ஓர்மெனோ, சன்ஹுவேசாவின் விதவை

*

தந்தி
தல்காவானோ, 15 செப்டம்பர் 1994

பெறுநர்: புருனில்தா, பலசரக்குக் கடை, சாந்தா ரூஃபினா

அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்மையா. எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை. அடக்கம் எப்போது. கிளம்பிவிட்டேன். ஃபெர்மின்.

*

தந்தி
சாந்தா ரூஃபினா, 15 செப்டம்பர் 1994

பெறுநர்: ஃபெர்மின் சன்ஹுவேசா, தல்காவானோ

உயிரோடிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு முன் முப்பதில் வரவும். அம்மா.

*

தல்காவானோ
28 செப்டம்பர் 1994

அம்மா,

நலமாகத் திரும்பி வந்தேன். உங்கள் தந்தி நான் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறது. இங்கிரித் அதைப் படித்துவிட்டு அழுதாளாம், அப்புறம் சிரித்தாளாம், அப்புறம் உங்கள் மீது கோபப்பட்டாளாம். கோபம் இன்னும் தீரவில்லை.

அன்றைக்கு உங்களிடம் என்னால் எதுவும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று காலையில் அலுவலகக் கொட்டகைக்குள் எஃப்ராயின் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மனசைத் தேத்திக்கங்க, தலைவரே. நேத்து அம்மாவோட வீட்டுல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் வந்தேன்" என்றார்.

"எந்த வீட்டுல?"

"ரோட்டோரம் வச்சிருக்காங்களே, பள்ளிக்கூடத்துக்கிட்ட. வெள்ளை வீடு, பச்சைக் கூரை. பேரு எழுதியிருக்கு. உள்ள அந்தச் சிவப்புக் கொடியை மடிச்சு வச்சிருக்காங்க. ரெண்டு வாரமாவே அம்மாவ ரோட்டுல காணோம்னு நாங்க பேசிக்கிட்டோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்..."

அம்மா, நான் எப்போது என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை. எந்த வண்டி என்று கேட்டேன். முதலில் என் வாயில் வந்தது அதுதான்.

அவர் கீழே பார்த்துக்கொண்டு, "எதுவா வேணும்னாலும் இருக்கலாம், தலைவரே. எல்லாருக்கும் மூணாவது நடைதானே" என்றார்.

வெளியே வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. நான் கையெழுத்திட்ட சீட்டுகளோடு.

தேசிய விடுமுறைக்கு ஹவியேரா பள்ளியில் கைக்குட்டை வீசி ஆடும் குவெக்கா நடனம் ஆடினாள். கைக்குட்டையைத் தொலைத்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டாள். காலிப் புட்டிகள் இரண்டையும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன், மூடியோடு.

ஃபெர்மின்

*

சாந்தா ரூஃபினா
20 அக்டோபர் 1994

அன்பு ஃபெர்மினுக்கு,

புட்டிகள் வந்தன. ஒரு மூடி மாறியிருக்கிறது, பரவாயில்லை.

இங்கிரித்துக்குக் கோபப்பட உரிமை உண்டு. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும்: நான் பொய் சொல்லவில்லை. தொன் செகுந்தோ "செத்த தேதி என்னங்க போடணும்?" என்று கேட்டார். "பேரை மட்டும் போடுங்க. தேதிக்கு எடம் விடுங்க" என்றேன். சாலையோரம் என் பெயரை எழுதி வைப்பது எந்தக் கட்டளைக்கு விரோதம்? ஊரில் யாரையும் பொய் சொல்லச் சொல்லவுமில்லை. "அந்தம்மா எப்படிப் போச்சு?" என்று ஓட்டுநர்கள் புருனில்தாவைக் கேட்டபோது, "கொடியப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. நீங்க எங்கய்யா நின்னீங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். இரண்டு ரொட்டி அதிகமாக வாங்கிக்கொண்டு போனார்களாம்.

இரண்டு வாரம் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். லாரிகள் நடைவேகத்தில் போயின. ஹார்ன்கூட மெல்லத்தான். பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். அவ்வளவுதான் நான் மார்ச்சிலிருந்து கேட்டது.

நீ வந்த அன்று நான் அங்கே ஏன் இருந்தேன் என்றால், ஓட்டுநர்கள் மெழுகை நாலா பக்கமும் ஒழுக விட்டிருந்தார்கள். என் பெயரின் மேல் அழுக்கு சேர்வதை நான் பொறுப்பதில்லை. கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பள்ளி மணி அடித்தது. அப்போது வளைவில் ஒரு கார் வந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்த வருடம் முழுக்க இந்தச் சாலையில் எத்தனையோ லாரிகளைப் பார்த்தேன். அந்தக் காரைப்போல் எதுவும் வரவில்லை. அந்தத் தகர வீட்டுக்குள்ளிருந்து கொடியை எடுத்து உயர்த்தினேன். யாருடைய கார் என்று அப்போது தெரியாது. பிரேக் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். யாஸ்னாவும் அங்கேதான் இருந்தாள், கையில் கட்டோடு.

கதவைத் திறந்து நீ இறங்கினாய். என்னைப் பார்த்தாய். பிள்ளைகளைப் பார்த்தாய். உன் காரின் சக்கரம் இழுத்த கறுப்புக் கோட்டைப் பார்த்தாய். சொல்ல என்ன இருந்தது? உனக்கு அவசரம். உன் தாய் செத்துப்போயிருந்தாள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

சுவரோரம் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக நீ கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டதையும் நான் பார்த்தேன்.

அக்டோபர் தொடக்கத்திலிருந்து லாரிகள் காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை மட்டும் வருகின்றன. மாலையில் சாலை காலியாகக் கிடக்கிறது. நீ அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆசிகளுடன்,
உன் தாய்

*

தல்காவானோ
14 நவம்பர் 1994

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

முட்டி எப்படியிருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம்.

அலுவலகத்தில் என் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். இப்போது டயர் கிடங்கில் இருக்கிறேன். அமைதியான இடம், ஜன்னல் இல்லை. வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறது. ஹவியேராவைப் பள்ளியிலிருந்து நானே அழைத்து வருகிறேன். காளை முதுகு உண்மையில் மூன்று இருக்கிறது, அம்மா, இரண்டல்ல. படத்தில் ஒன்று மறைந்துவிட்டது.

என் பழைய நாற்காலிக்கு இளைஞன் ஒருவன் வந்திருக்கிறான். கெட்டிக்காரன். அவனுக்கு நடைகளைப் பற்றி வேறு யோசனைகள் இருக்கின்றன.

உங்கள் ஊருக்குக் காளை முதுகு விஷயமாக ஏதாவது தகவல் வந்ததா?

கைகளை முத்தமிடும்,
ஃபெர்மின்

*

சாந்தா ரூஃபினா
4 டிசம்பர் 1994

அன்பு மகனே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் உன் கேள்விக்குப் பதில். மற்றவர்களைப்போல் நான் தாமதிப்பதில்லை.

காளை முதுகு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேள். நம் மனுவால் அல்ல. அது எந்த அலமாரியில் தூங்குகிறதோ தெரியவில்லை. யாஸ்னாவின் எலும்பாலும் அல்ல. தேசிய விடுமுறை முடிந்த வாரம் மாகாணத்திலிருந்து ஒரு பொறியாளர் சாலையை அளந்துகொண்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கிட்ட என் அனிமித்தாவைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, "இந்த இடத்தில் சாவு: ஒன்று" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கும் விசாரிக்கவில்லை. இந்த நாட்டில் அந்தத் தகர வீட்டை யாராவது சந்தேகிப்பார்களா? சாவு பதிவான மறுமாதமே தார் வண்டி வந்து நின்றது.

சனிக்கிழமை திறப்புவிழா. மாகாண ஆளுநரின் பிரதிநிதி ஒருவர் வந்து, ரிப்பன் கட்டி, பேச்சைக் காகிதத்தில் பார்த்து வாசித்தார். "இந்த இடத்தில் உயிர்நீத்த, நம் அனைவரின் மதிப்புக்குரிய லியோந்தினா அம்மையாரின் நினைவாக" என்று தொடங்கினார். தொன் எலியசெர் என்னைப் பார்த்துவிட்டு, தன் காலணியைப் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் முன்னால் போனேன்.

"ஐயா, அந்த அம்மா நான்தான். நீங்க போட்ட மஞ்சக் கோடு கோணலா இருக்கு."

அந்த மனிதர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "அப்ப... இது தப்பாப் போட்டதா? எடுத்துரணுமா?" என்று தொன் எலியசெரின் காதில் கேட்டார். அப்போது எலியசெர் தன் வாழ்நாளிலேயே முதல் முறையாகத் தெளிவாகப் பேசினார்:

"எடுக்கணும்னா அதுக்கு மாகாணத்துல மனு குடுக்கணுங்க. அவங்க வருசக்கணக்கா எடுத்துப்பாங்க."

அன்றைக்கு அவர் கொடுத்த காபியைக் குடித்தேன்.

பாதிரியாருக்கு மட்டும் திருப்தியில்லை. உயிரோடிருப்பவருக்கு அனிமித்தா கூடாது, எடுத்துவிடுங்கள் என்கிறார். எடுக்கத்தான் போனேன். ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் புதியவன், என்னை யாரென்று தெரியாது.

"என்னம்மா, அதுல கைய வைக்கிறீங்க? பாவம்மா! இவங்க கேட்டதைக் குடுப்பாங்களாமே?"

"கேக்கிற மாதிரி கேட்டா குடுப்பாங்க."

"எப்படிக் கேக்கணும்?"

"முப்பதுல வந்து கேக்கணும்."

தலையாட்டிக்கொண்டு போனான். காளை முதுகை எப்படி ஏறினான் தெரியுமா, முட்டை ஏற்றிய வண்டிபோல. எனவே வீடு இருக்கட்டும். பாதிரியாரோடு நான் பேசிக்கொள்கிறேன்.

இனி உன் விஷயம். டயர் கிடங்கில் ஜன்னல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அடுப்பு இருக்கிறதா என்று எழுதவில்லை. கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கத்திய ஓட்டுநர் சொன்னபடியே. கை அளவு அனுப்பு. அந்தக் கம்பெனி தன் நாற்காலிகளில் யாரை உட்காரவைக்க விரும்புகிறது என்பதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. அதைக் கம்பெனித் தலைவருக்கே நேரில் எழுதிவிட்டேன், நல்ல காகிதத்தில். புதிதாக வந்திருக்கும் அந்தக் கெட்டிக்கார இளைஞனுக்கும் யோசனைகள் இருக்கலாம். இருக்கட்டும். இங்கே இப்போது ஒரு காளை படுத்திருக்கிறது.

ஏப்ரலில் நான் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பதில் வந்து சேர்ந்துவிட்டது.

போன வாரம் என் வீட்டுச் சுவரில், அந்தத் தகர வீட்டின் சுவரில்தான், புதிதாக ஒரு பலகை. "தோன்யா லியோந்தினாவுக்கு நன்றி" என்று மட்டும் எழுதி, கீழே ஒரு எழுத்து. பெயரில்லை. எஃப்ராயினின் லாரியில் வந்ததாம், அனுப்பியவர் யாரென்று சொல்ல மாட்டேன் என்கிறார். திருகாணிகள் அவருடைய வேலை, நேராக இருக்கின்றன. எழுத்து அவருடையதல்ல. அந்தக் கையெழுத்தைத் திருத்த நான் ஆறு வருடம் உழைத்திருக்கிறேன்.

பலகைக்கு மேலே தேதிக்காகத் தொன் செகுந்தோ விட்ட இடம் அப்படியே காலியாக இருக்கிறது. இருக்கட்டும், அவசரமில்லை. இந்தச் சாலையில் இனி எதற்கும் அவசரமில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. மெதுவாக வா.

ஆசிகளுடன்,
உன் அம்மா